பைன் கன்றைத் தின்றது யார்?

எங்க பிள்ளையார்பாளையத்தில் ஆடு வந்து செடியைத் தின்றுவிட்டால், ஆட்டுக்காரி வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கத்திவிட்டு வருவோம். ஸ்வீடன் தேசத்தில் அதற்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். செடியைத் தின்றது யார் என்று வருஷக்கணக்கில் காட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். என் மகள் நிவேதா அதற்குத்தான் போயிருக்கிறாள்.

முதலில் சொன்னபோது எனக்கு மண்டையில் ஏறவில்லை. அப்புறம் அவளே பொறுமையாக விளக்கினாள். அங்கே காடெல்லாம் பைன், ஸ்ப்ரூஸ் என்று ஊசி ஊசியாக இலை உள்ள மரங்கள். கிழட்டு மரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தில் வெயில் விழும், பைன் கன்று முளைக்கும். கன்று ஆள் உயரம் வருவதற்குள் யாரோ வந்து குருத்தைக் கடித்துவிட்டுப் போகிறார்கள். இப்படியே போனால் இருக்கிற மரம் விழுந்த பிறகு அந்த இடத்தில் பைன் என்று ஒன்று இருக்காது.

மூஸ் என்கிற மான்தான் திருடன் என்று ஊரே சொல்கிறது. மான் என்றதும் புள்ளிமானை நினைக்காதீர்கள். எங்க ஊர் எருமைக்குக் காலை நீட்டி, மூக்கை இழுத்துவிட்டு, தலையில் இரண்டு முறத்தைச் செருகினால் மூஸ். ஊர் சொன்னால் போதாது, விஞ்ஞானம் சொல்ல வேண்டும் என்பதற்காக என் பெண் அங்கே குளிரில் நிற்கிறாள்.

கேமரா வைத்துப் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். அனுமதி கிடைக்கவில்லையாம். காளான் பொறுக்க வருகிறவர்கள் படத்தில் விழுந்துவிட்டால் அவர்களுடைய அந்தரங்கம் கெட்டுவிடும். எங்க தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது காந்தி ரோடு வரைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன பெண், காளான்காரர்களின் அந்தரங்கத்துக்குப் பயந்து வேறு வழி தேடியிருக்கிறாள்.

அந்த வழிதான் நூல். கன்றுகள் இருக்கிற இடத்தைச் சுற்றி மூஸின் மார்பு உயரத்துக்கு ஒரு நூல் கட்டிவிட வேண்டியது. காலையில் நூல் அறுந்து கிடந்தால் மூஸ் வந்திருக்கிறது. அறாமல் இருந்தால் வரவில்லை. சின்ன மான், முயல் எல்லாம் அடியிலேயே நுழைந்து போய்விடும். பருத்தி நூல் மழையில் ஊறித் தொங்கியது. நைலான் லேசில் அறாது, மிருகத்தின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். "அப்பாகிட்ட சொல்லி முறுக்காத ஒத்தை இழை பட்டு எடுத்துக்கினு வாம்மா" என்றாள் நிவேதா.

எங்க வீட்டுக்காரர் தறிக்காரர். கல்யாண மாதங்களில் அவரைத் தறிக்குழியிலிருந்து எழுப்ப முடியாது, அவ்வளவு வேலை. நான் சேலைக்குக் குச்சம் கட்டுகிறவள். எங்கள் இரண்டு பேரிடமும் வந்து, அறுந்து போவதற்கென்றே ஒரு நூல் வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? "இன்னா படிப்பு இது? இழை அறுந்தா சந்தோஷப்படுவாங்களா?" என்று மனுஷன் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் நிவேதா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். இந்த இலையுதிர் காலத்துக் கணக்கு ஒன்றுதான் பாக்கி, அது கிடைத்தால் எழுதி முடித்துவிட்டுத் தைக்கு ஊருக்கே வந்துவிடுவேன், காஞ்சிபுரத்திலேயே வேலை தேடிக்கொள்வேன் என்று. அதற்காகத்தான் அவர் இழையைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார். நானும் அதற்காகத்தான் அவரோடு கிளம்பினேன். காடு பார்க்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது.

போய் இறங்கிய அன்று ரயிலில் எங்களுக்கு வாய்த்தது பேசக் கூடாத பெட்டி. எங்க ஊரில் அம்மன் சன்னதியிலேயே சொத்துத் தகராறு பேசுவார்கள். இங்கே ஒரு பெட்டி நிறைய ஆட்கள் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இவர் தம்பி போன் செய்தான். ஜரிகை வந்ததா, பாவு ஏற்றியாச்சா என்று இவர் போட்ட சத்தம் போன் இல்லாமலே காஞ்சிபுரத்துக்குக் கேட்டிருக்கும். எதிரில் இருந்த அம்மாள் சுவரிலிருந்த பலகையை விரலால் காட்டினாள். இவர் அதைத் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்குதும்மா" என்று தமிழில் பாராட்டிவிட்டு மறுபடி ஜரிகைக்குப் போனார்.

அடுத்தது பஸ். ஓட்டுநர் காசு வாங்கவில்லை, அங்கே எல்லாம் கார்டுதான். எங்க கார்டை அங்கிருந்த மெஷின் ஏற்கவில்லை. போய் உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டார், நல்ல மனுஷன். இருக்கைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. விளக்கு எரியும் என்று நினைத்து இவர் அமுக்கினார். பஸ் நின்றது, கதவு திறந்தது, ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சும்மா ஏற்றிக்கொண்டு வந்த மனுஷனை வீணாக நிறுத்திவிட்டோமே என்று மரியாதைக்கு இறங்கிவிட்டோம்.

பஸ் போய்விட்டது. சுற்றிலும் மரம், மேலே மழை, நடுவில் நாங்களும் பெட்டிகளும். எவ்வளவோ நேரம் கழித்து ஒரு கார் நின்றது. உள்ளே ஒரு புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேரும் ஆரஞ்சு நிறச் சட்டை, பின்னால் துப்பாக்கி. மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள். நிவேதாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தோம், வழி கேட்டுக்கொண்டு கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் அந்தப் பெண் இவருடைய வேட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது நிவேதாவிடம் ஏதோ கேட்டாள். என்னடி என்றேன். "மழைக்குப் போர்வையைச் சுத்திக்கினாரா, இல்ல இதுதான் டிரஸ்ஸான்னு கேக்கறாங்கம்மா" என்றாள்.

பெண்ணைப் பார்த்ததும் எனக்கு மழையும் மறந்தது, பஸ்ஸும் மறந்தது. கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். ஆனால் கன்னம் இரண்டும் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது. குளிருக்கு எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டு ஓரத்தில் மரவீடுகள் நாலைந்து, அதுதான் ஆராய்ச்சி நிலையம். சாப்பாடு உருளைக்கிழங்கு. அடுத்த வேளை என்ன என்றேன், உருளைக்கிழங்கு. அவித்தது, சுட்டது, நசுக்கியது என்று உருவம் மாறுமே தவிர ஆள் அதேதான். கறி வைத்தால் அதன்மேல் புளிப்புப் பழ ஜாம் ஊற்றுகிறார்கள். நான் கொண்டுபோன கோயில் இட்லி மாவுப் பொடியில் மிளகும் சுக்கும் போட்டு வேக வைத்துக் கொடுத்தேன். நிவேதாவின் பேராசிரியர் குன்னர் அதையும் ஜாமில் தொட்டுச் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

குன்னரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனைமர உயரம், வெள்ளைத் தாடி. ஒரு கேள்வி கேட்டால் ஜன்னல் வழியே காட்டைப் பார்த்து யோசித்துவிட்டு, நாம் வேறு பேச்சுக்குப் போன பிறகு பதில் சொல்வார். நாளைக்கு எத்தனை முறை காப்பி குடிப்பார் என்று நான் எண்ணவில்லை. அதோடு ஏலக்காய் போட்ட ரொட்டி வரும். ஏலக்காயை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற வெள்ளைக்காரர்களை நான் எதிர்பார்க்கவில்லை, அதற்காக அவர்களைக் கொஞ்சம் மன்னிக்கலாம். காப்பி குடித்து முடிக்காமல் யாரும் காட்டுக்குக் கிளம்புவதில்லை.

மறுநாள் எங்களைக் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். வேட்டைக்காரன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்று ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை. வேட்டிமேல் அதைப் போட்டுக்கொண்டு நின்ற எங்க வீட்டுக்காரரைப் பார்த்தால் நகராட்சியில் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி இருந்தது. காலுக்கு ரப்பர் பூட்ஸ் வேறு, இரண்டு அளவு பெரிசு. நிவேதா மழையில் நின்று தன் ஆராய்ச்சியை விளக்கிய நேரம் முழுக்க அவர் சேற்றில் மாட்டிய பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "புரிஞ்சுதாப்பா?" என்றாள். "ஆங், புரிஞ்சுது கண்ணு" என்றார்.

காடு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். மெத்தை மாதிரி பாசி, கால் வைத்தால் உள்ளே போகிறது, எடுத்தால் தானே எழும்பிக்கொள்கிறது. சத்தம் இல்லை. குரங்கு இல்லை, தேங்காய் மூடி பிடுங்குகிற ஆள் இல்லை, வண்டி நிறுத்தியதற்குச் சீட்டு கிழிக்கிறவன் இல்லை. யாரும் யாருடைய காட்டிலும் நடக்கலாமாம், பழம் பறிக்கலாமாம். தாமல் ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்தாலே யார் வீட்டு ஆள் என்று கேட்கிற ஊர்க்காரி நான். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை.

குன்னர் ஒரு பைன் மரத்தைத் தடவிக்காட்டி, இதற்கு முந்நூறு வயது இருக்கும் என்றார், உள்ளே ஒரு மெல்லிய குழாயை இறக்கி வளையத்தை எண்ணிப் பார்த்தார்களாம். எங்க ஏகாம்பரநாதர் கோயிலில் ஒரு மாமரம், நாலு கிளையில் நாலு ருசி, வயது ஆயிரக்கணக்கில் என்று நான் சொன்னேன். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். அளக்கிறதாவது! எங்க ஊரில் அப்படிக் கேட்டால் அடிக்க வந்துவிடுவார்கள். நிவேதா பேச்சை மாற்றினாள்.

அன்றைக்கே நாங்கள் கொண்டுபோன இழையைக் கட்டினார்கள். மரத்துக்கு மரம் போட்டு, ஒவ்வொரு கன்றுக் கூட்டத்தையும் சுற்றி. மழை ஓய்ந்த வெளிச்சத்தில் அந்த இழை இருக்கிற இடமே தெரியவில்லை. எங்க வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பட்டுடி" என்றார்.

மறுநாள் காப்பி, ரொட்டி எல்லாம் முடிந்து காட்டுக்குப் போன நிவேதாவும் குன்னரும் திரும்பி வந்தபோது குன்னர் ஓடிவந்தார். அந்த உயரம் ஓடிப் பார்க்க வேண்டுமே! பின்னாலேயே நிவேதா. "ஒரு இழை கூட அறலைம்மா! ஆனா குருத்து கடிச்சிருக்குது! ஒண்ணு கூட அறலை!" என்று அவள் அப்பா கையைப் பிடித்துக் குதித்தாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெண் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோதுகூட அப்படிப் பூரித்ததில்லை.

மூஸ் வரவில்லை, ஆனால் குருத்து போயிருக்கிறது. அப்படியென்றால் தின்றது யார்? இதற்குக் குன்னரிடம் பதில் தயாராக இருந்தது. அந்தக் காட்டில் வான்கோழி அளவுக்குக் கறுப்பாக ஒரு காட்டுக்கோழி உண்டு. அது பைன் ஊசியைத் தின்னும், அது எல்லோருக்கும் தெரியும். கன்றுகளையும் அதுதான் அழிக்கிறது, பாவம் மூஸ்மேல் பழி போடுகிறீர்கள் என்பது குன்னருடைய கட்சி. மற்ற விஞ்ஞானிகள் கேட்டுச் சிரிப்பார்களாம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் இரண்டு தடவை சிரித்தார், அங்கே அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த நாளும் இழை அறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு நாளும் குருத்து மட்டும் குறைந்தது.

ஒருநாள் நானும் கூடப் போனேன். கன்றுகளுக்கு நடுவிலேயே சாணி குவிந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கையை ஊதிப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, ஈரமாகப் பளபளத்தது. "இது கோழி போட்டதா?" என்று கேட்டேன். நிவேதா தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னாள். குன்னர் குனிந்து பார்த்தார், காட்டைப் பார்த்தார், யோசித்தார். பழைய சாணி மழையில் புதுசு மாதிரித் தெரிகிறது என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சாணியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

குன்னர் நாலு இடத்துக்குப் போன் போட்டார். பெரிய பெரிய ஆட்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று ஏற்பாடானது. நிவேதாவின் ஆராய்ச்சி பேர் வாங்கப்போகிறது, சீக்கிரம் எழுதி முடித்துவிடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதம் பெண் வீட்டில் இருப்பாள். கோழி வாழ்க என்று நானும் கட்சி மாறிவிட்டேன்.

இந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரருக்குத் திடீரென்று பக்தி முற்றிப்போயிற்று. ஊரில் பிரதோஷத்துக்குக் கூப்பிட்டால் தறி இருக்குது என்பார். இங்கே வெளுக்கும்போதே எழுந்து, ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று போவார். திரும்பி வரும்போது விரல் நுனியெல்லாம் விபூதி. நெற்றியில் மட்டும் இருக்காது. பெட்டியில் வைத்த விபூதிப் பொட்டலம் பாதிக்குமேல் காலி. "குளிர்ல சாமி நெனப்பு வந்துடுச்சா?" என்று சீண்டினேன். "உனக்கு எல்லாம் கிண்டல்தான்" என்று கோபித்துக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்னப் போனார்.

பெரிய ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் நிவேதா கன்றுகளை அளந்துகொண்டிருந்தாள். நான் சும்மா நின்றேன். நிற்கிற கை சும்மா இருக்குமா? இழையைத் தொட்டுப் பார்த்தேன், விரலை ஓட்டினேன். விரலில் ஏதோ இடறியது. ஒரு மணல் துகளில் பாதி இருக்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டினேன், இன்னொன்று. அடுத்த கூட்டத்துக்குப் போய்த் தடவினேன். அங்கேயும் இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழை, தீர்ந்து புதுப் பாவு சேர்க்கும்போது எங்க தெருவில் எல்லோரும் செய்கிற வேலை அது. இரண்டு இழை நுனியையும் சேர்த்து, சாம்பலைத் தொட்டு, விரலால் ஒரு முறுக்கு. அந்த முறுக்கில் ஆளுக்கு ஆள் ஒரு கைவாகு உண்டு. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணுகிறவளுக்கு யார் கை என்று தெரியாதா?

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"இழையை நீங்கதானே பிணைச்சீங்க?"

மறைக்கவெல்லாம் இல்லை. "ஆமா" என்றார், அவ்வளவு பெருமையாக.

"எத்தினியை?"

"அறுந்து கெடந்தது எல்லாத்தையும்தான். தெனமும் அறுத்துப் போட்டுட்டுப் போவுது அந்த எருமை. மொத நாளு பாத்தேன், பனியில தரையில கெடக்குது நம்ம இழை. மனசு கேக்குமா? கை தானா கட்டிடுச்சு. அப்புறம் புள்ளை வந்து இன்னா சொல்லுச்சு? ஒண்ணு கூட அறலைன்னு குதிச்சுதா இல்லையா? சரி, அறாம இருந்தாத்தான் அதுக்கு நல்லதுன்னு தெனமும் போய்க் கட்டினேன்."

"சாம்பலுக்கு விபூதியா?"

"அவங்க அடுப்பைக் கிண்டினா கேள்வி கேப்பாங்க இல்ல?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. இழை அறுந்தால் மூஸ் வந்தது என்று கணக்கு, நீங்கள் கட்டியதால் வரவே இல்லை என்று எழுதிவிட்டார்கள், அதை வைத்து அந்த மனுஷன் கோழியைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது. "இழை அறாம இருந்தா கன்னு பொழைக்கும், புள்ளைக்கு சந்தோஷம்னு நெனச்சேன்டி" என்றார். கடைசியில் அவரே எழுந்தார். "வா, சொல்லிடலாம். எவனோ நாலு பேர் வந்து என் பொண்ணைப் பாத்து சிரிக்கக் கூடாது."

நிவேதாவிடம் சொன்னோம். இழையைப் போய்த் தடவிப் பார்த்தாள், அவளுக்கும் எங்க விரல்தானே. நேராகக் குன்னரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

குன்னர் நம்பவில்லை. பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். அறுந்த இழையில் மனிதக் கை இப்படி ஒரு இணைப்புப் போட முடியாது, நூல் ஆலையிலிருந்தே அப்படி வந்திருக்கும் என்றார். எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு இழையை அவர் கண்ணெதிரிலேயே அறுத்து, மிச்சமிருந்த விபூதியைத் தொட்டுப் பிணைத்துக் கொடுத்தார். குன்னர் கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். இந்த முறை காட்டைப் பார்க்கவில்லை.

அப்புறம் மெதுவாக நிவேதாவிடம் ஏதோ கேட்டார். அவள் அப்பாவிடம் சொன்னாள்: "எல்லாத்தையுமா கட்டினீங்க, கொஞ்சமாவது விட்டிருப்பீங்க இல்லையான்னு கேக்கறாருப்பா."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு விடாம கட்டினேன் சார்" என்றார்.

பாவம் குன்னர். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போனார். வரவேண்டியவர்களை வரவேண்டாம் என்று நிவேதாதான் போனில் சொன்னாள். இந்த வருஷத்துக் கணக்கு முழுக்கக் குப்பை. எந்த இழை எந்த நாள் அறுந்தது என்று இனி யாருக்கும் தெரியாது, இவருக்கும் நினைவில்லை. மிச்சமிருக்கிற நாட்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பனி விழப்போகிறது.

அன்று சாயங்காலம் சமையலறையில் நானும் அவளும் மட்டும். நான் உருளைக்கிழங்கு உரித்தேன், அவள் பாத்திரம் கழுவினாள். எனக்கு மனசு ஆறவில்லை.

"இப்ப எதுக்குடி எல்லாத்தையும் போட்டு ஒடைச்ச? அந்தாளு நம்பலைன்னாரு இல்ல, அப்படியே விட்டிருக்கலாமில்ல? மூஸ் தின்னா இன்னா, கோழி தின்னா இன்னா? காஞ்சிபுரத்துல எவன் வந்து கேக்கப்போறான்? எழுதிக் குடுத்துட்டு வந்து சேரு."

"நீயாம்மா சொல்ற? சாணியைப் பாத்து அவரை அவ்ளோ கிண்டல் பண்ணினியே?"

"கிண்டலும் பண்ணுவேன், பொய்யும் சொல்லுவேன். எனக்கு என் பொண்ணு வேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோழின்னு எழுதிட்டா மூஸ் சுடறதைக் குறைச்சிடுவாங்கம்மா. அப்புறம் இருக்கிற கன்னும் போயிடும். நான் எழுதினதாலதான் போச்சுன்னு ஆவும். எப்படிம்மா அதை வுட்டுட்டு வந்து அங்க உக்காருவேன்?"

"அப்ப இன்னா பண்ணப்போற?"

"அடுத்த இலையுதிர் காலம் வரைக்கும் இருக்கணும். மறுபடியும் மொதல்லேர்ந்து."

ஒரு வருஷ உழைப்பு மண்ணாய்ப் போனவள் இதைச் சொல்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருகிற பிள்ளையின் முகம். அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

"உனக்கு வருத்தமே இல்லையா?" என்றேன்.

அவள் உருளைக்கிழங்குத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவித்தாள். நான் உரிப்பதை நிறுத்தினேன்.

"தைக்கு வரேன்னு வாயில வந்துடுச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. சொன்ன நாள்லேர்ந்து எனக்கு ராத்திரி தூக்கமில்லை." என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் மட்டும் இல்லம்மா. எனக்கு இங்கதான் இருக்கணும். இந்தக் கன்னுங்க மரமாவறதைப் பாக்கணும்."

"அது மரமாவறதுக்கு எவ்ளோ வருஷம் ஆவும்?"

"என் ஆயுசு ஆவும்."

கத்தியைக் கீழே போட்டேன். திட்டினேன். நன்றி கெட்டவள் என்றேன், அந்த ஊரையும் மரத்தையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துத் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டி ஓய்ந்த பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். "அப்பாகிட்ட நீ சொல்லாதம்மா, நானே சொல்றேன்" என்றாள்.

ஆனால் அவள் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. நாங்கள் கிளம்பிய அன்று பஸ் நிற்கிற இடத்தில் அவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "என்னால உனக்கு ஒரு வருஷம் போச்சே கண்ணு." அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு, "பரவாயில்லப்பா, பரவாயில்லப்பா" என்றாள். அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

விமானத்தில் அவர் சாப்பிடவில்லை. கொடுத்ததை மூடி வைத்துவிட்டு, நெடுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். வந்தா எதையாவது கட்டித் தொலைப்பேன். புள்ளை கூப்பிட்டாலும் வரமாட்டேன், நீயும் போவாத. அவ நிம்மதியா முடிச்சிட்டு வந்து சேரட்டும். ஒரு வருஷந்தானே?"

"ஆமா, ஒரு வருஷந்தான்" என்றேன்.